மலை கூட்டிய மூன்றரை டிகிரி

மேட்டு ஸ்டேஷனில் ஒன்பது வருஷமாகத் தீ பார்க்கும் வேலையில் இருந்தவளை எல்லோரும் வாட்சரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அது முகத்துக்கு நேரே. முதுகுக்குப் பின்னால் அவள் கோணல் மேஸ்திரி மகள். நாற்பத்து நாலு வயசு, பஸ் ஓட்டும் புருஷன், கல்லூரியில் படிக்கும் பையன் என்று எல்லாம் இருந்தும், அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊர் அப்பாவில்தான் தொடங்கும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்ன?

அப்பா தச்சு மேஸ்திரி. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் மலையின் தோள்பட்டையில் அந்த வனத்துறை ஸ்டேஷனை முழு மரங்களை அடுக்கியே கட்டி எழுப்பியவர் அவர்தான். முன்னால் மூன்று பக்கமும் ஜன்னல் வைத்த ஓர் அறை, நடுவில் படுக்கும் அறை, பின்னால் மலைப்பாறையை ஒட்டிச் சமையலறை. வீட்டைக் கட்டினதோடு கீழே இறங்கியிருந்தால் மனிதர் தப்பித்திருப்பார். முன்னறையில் தீ பார்க்கும் மேசையையும் தன் கையாலேயே பொருத்தினார். வினை அங்கேதான் வந்தது.

அந்த மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வட்ட மேசை, அதன் மேல் காட்டின் வரைபடம், வரைபடத்தைச் சுற்றி முந்நூற்றறுபது டிகிரியும் பொறித்த பித்தளை வளையம், வளையத்தின் மேல் சுழலும் ஒரு சட்டம். தூரத்தில் புகை தெரிந்தால் சட்டத்தைத் திருப்பி, அதன் துளை வழியாகப் புகையைப் பார்த்து, எத்தனை டிகிரி என்று வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். எதிர்மலையில் இன்னொரு வாட்சர் அவர் மேசையில் பார்த்து அவர் எண்ணைச் சொல்வார். கீழே ரேஞ்சர் ஆபீஸில் பெரிய வரைபடத்தின் மேல் இரண்டு நூல்களை இழுத்துப் பிடிப்பார்கள். நூல்கள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே தீ. அவ்வளவுதான் வித்தை. மேசை ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு குறியும் உண்டு. கிழக்கே இருக்கிற மொட்டைப்பாறை வரைபடத்தின்படி சரியாகத் தொண்ணூறு டிகிரி.

ஸ்டேஷன் கட்டி மூன்றாம் வருஷக் கோடையில் ஒரு தீ. நூல் காட்டிய பள்ளத்துக்கு ஆட்கள் ஓடினார்கள். தீயோ அடுத்த பள்ளத்தில் உட்கார்ந்து மூன்று நாள் காட்டைத் தின்றது. விசாரணைக்கு வந்த அதிகாரி சட்டத்தை மொட்டைப்பாறைக்குத் திருப்பினார். எண்பத்தொன்பது. ஒரு டிகிரி என்பது மேசையில் ஒரு மயிரிழை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அது இருநூறு மீட்டர். தச்சர் கோணலாகப் பொருத்தியிருக்கிறார் என்று எழுதிவிட்டு அந்த மகானுபாவர் ஜீப் ஏறினார். மேலிடத்திலிருந்து கருவி நிபுணர் வந்து சரிசெய்யும்வரை மேசையை யாரும் தொடக்கூடாது என்று ஓர் உத்தரவும் வந்தது. நிபுணர் வருகிறார், வருகிறார், இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறார்.

அன்று முதல் கூட்டிச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. வாட்சர் மாறும்போது சாவிக்கொத்தோடு எண்ணையும் கையில் கொடுப்பார்கள், இத்தனை கூட்டிக்கோ என்று. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று பழைய வாட்சர் சொன்னது இன்னும் அவள் காதில் இருக்கிறது: "ரெண்டேகால் கூட்டிக்கோம்மா. எல்லாம் உங்கப்பா புண்ணியம்."

சின்ன வயசில் அவள் பள்ளிக்கூடத்தில் நுழைந்தால் வகுப்பே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு உட்காரும். அதையாவது பொறுத்துக்கொண்டாள். அப்பாவை வீட்டில் பார்ப்பதுதான் கஷ்டம். அந்த விசாரணைக்குப் பிறகு அவர் வீடு கட்டப் போகவே இல்லை. ஸ்டூல், ஏணி, கோழிக்கூடு என்று சாய்ந்தாலும் யாரும் கேள்வி கேட்காத சாமான்களாகப் பார்த்துப் பார்த்துச் செய்தார். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தவர் வெளியே எடுக்கவில்லை. கோணல் மேஸ்திரி என்று யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு வேறு பெயர் இருப்பதே ஊருக்கு மறந்துபோயிற்று.

அவள் மேசைக்கு வந்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. ரெண்டேகால் போதவில்லை. ரெண்டரை ஆயிற்று, பிறகு மூன்று. சரி, வயசாகிறது, நமக்குத்தான் கண் மங்குகிறது என்று டவுனுக்குப் போய்க் கண்ணாடி வாங்கினாள். கண்ணாடி போட்டுப் பார்த்தால் மூன்றேகால். கண்ணாடிக்காரனைத் திட்டித் தீர்த்தாள்.

அந்த வருஷம் மழை பிடித்த பிறகு புது ரேஞ்சர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்டேஷன்களின் வரலாறு வேண்டுமாம், மேலிடத்தில் புத்தகம் போடுகிறார்களாம். மழைக்காலத்தில் புகை பார்க்கிற வேலை இல்லை, வாட்சர் சும்மாதானே இருக்கிறாள் என்று அவள் தலையில் கட்டினார். காகிதத்தில் வரிசையாகக் கேள்விகள். கட்டிய வருஷம். கட்டியவர். திறந்து வைத்தவர். முக்கிய நிகழ்வுகள். முதல் கேள்விக்குப் பதில் எழுதினாள். இரண்டாவதற்கு வந்ததும் பேனா நின்றது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் பரணிலிருந்த தகரப்பெட்டியை இறக்கினாள்.

நாற்பத்தொரு வருஷத்துத் தினப்புத்தகங்கள் அதற்குள் கிடந்தன. ஒன்பது வருஷமும் அதன் கீழேயே படுத்து எழுந்தவள் ஒருநாளும் திறந்ததில்லை. அப்பா செய்த தப்பை எழுத்தில் பார்க்கும் துணிச்சல் இல்லை, அதுதான் உண்மை. இப்போது ரேஞ்சர் சாக்குக் கொடுத்துவிட்டார். முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

"மேசை பொருத்தப்பட்டது. மொட்டைப்பாறை 90. சரி."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தாள். அடுத்த மாதச் சோதனை, 90. அதற்கடுத்தது, 90. ஒன்றரை வருஷம் வரிசையாக 90. அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அப்பா சரியாகத்தான் வைத்திருக்கிறார்! விசாரணைக்கு வந்த புண்ணியவான் இந்த ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் ஒரு மனிதனுடைய ஆயுசு வீணாகியிருக்காதே!

அழுது முடித்து முகம் கழுவி வந்து மிச்சத்தைப் படித்தாள். இரண்டாம் வருஷ மழை முடிந்ததும் எண்பத்தொன்பதரை. மூன்றாம் வருஷம் எண்பத்தொன்பது. பத்தாம் வருஷ வாட்சர், முந்தினவருக்குக் கண் சரியில்லை, ஒன்றல்ல, ஒன்றரை கூட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். இருபதாம் வருஷத்தவர் முந்தினவருக்குக் கண் சரியில்லை, இரண்டு என்றார். அடுத்தவர் ரெண்டேகால். எல்லோரும் முன்னால் இருந்தவன் கண்ணைப் பழித்தார்களே தவிர, ஒருவராவது இரண்டு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அவள் எழுந்துபோய் மழைத்திரை விலகிய நேரம் பார்த்துச் சட்டத்தை மொட்டைப்பாறைக்குத் திருப்பினாள். எண்பத்தாறரை. மழைக்கு முன்னால் மூன்றேகால் கூட்டினது இப்போது மூன்றரை. வருஷக்கணக்கில் நகர்கிற கால் டிகிரி ஆறே வாரத்தில் நகர்ந்திருந்தது.

அப்பா சரி என்றால் மேசை சரி. மேசையின் கால் தரையோடு ஆணி அடித்து இறுக்கியது, அதுவும் அசையவில்லை. மொட்டைப்பாறை எங்கும் போகவில்லை, எதிர்மலை வாட்சருக்கு அது இன்றைக்கும் பழைய எண்ணில்தான் நிற்கிறது. பிறகு எதுதான் நகர்ந்தது? அவள் வெறுங்காலோடு பலகைத்தரையில் நின்றிருந்தாள். பலகைக்குக் கீழே உத்தரம், உத்தரத்துக்குக் கீழே தூண், தூணுக்குக் கீழே மண். யோசனை அங்கே போய்ச் சேர்ந்ததும் அவளுக்கு உள்ளங்கால் கூசியது. வீடு திரும்பிக்கொண்டிருக்கிறது. வீடு மட்டுமில்லை, வீட்டைத் தோளில் வைத்திருக்கிற மலைப்பக்கமே நாற்பது வருஷமாக, யாருக்கும் சத்தம் காட்டாமல், நடந்துகொண்டிருக்கிறது. அதன் மேல்தான் இவள் ஒன்பது வருஷமாகத் தூங்கி எழுந்து காப்பி போட்டுக் குடித்திருக்கிறாள்.

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு முதலில் வந்தது ஆச்சரியம். அத்தனை பெரிய ஒன்று அத்தனை மெதுவாக நடக்க முடியுமா என்ற பிரமிப்பில் ராத்திரிச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள். மறுநாள் மராமத்துக் குறிப்புகளை எடுத்து வைத்துப் படித்தால், ஒவ்வொரு வரியும் அதையே சொன்னது. சமையலறைக் கதவு சிக்குகிறது என்று நாலு தடவை இழைத்திருக்கிறார்கள், நாலு தடவையும் ஒரே விளிம்பில். படிக்கட்டை ஆறு முறை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர்க்குழாய் வருஷா வருஷம் மழையில் ஒரே வளைவில் உடைந்திருக்கிறது, ஒவ்வொரு வருஷமும் கரடி மிதித்தது என்று எழுதியிருக்கிறார்கள். பாவம் அந்தக் கரடி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அவள் அப்பாவுக்கு மட்டும் நேர்ந்ததில்லை.

ஒரு பக்க வரலாறு கேட்ட ரேஞ்சரிடம் பதினொரு பக்கத்தைக் கொண்டுபோய் நீட்டினாள். ரேஞ்சர் கெட்டவர் இல்லை. முப்பத்திரண்டு வயசு, தலைக்கு மேல் வேலை, ஆனாலும் நின்று முழுதாகப் படித்தார். படித்து முடித்துச் சிரித்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதை நான் பழமொழி என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன் என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"அப்பாவைக் காப்பாத்த மலையையே நகர்த்திட்டீங்களேக்கா."

அவளுக்குச் சுருக்கென்றது. ஸ்டேஷனுக்கு நேர் கீழே இருக்கிற குவார்ட்டர்ஸில் ஃபாரஸ்ட் கார்டும் அவர் மனைவியும் இரட்டைக் குழந்தைகளும் இருக்கிறார்களே, அவர்களையாவது கொஞ்ச நாள் இறக்கி வையுங்கள் என்று கேட்டாள். அவர் தன் நிலைமையைச் சொன்னார். ஸ்டேஷனைக் காலி செய்ய மேலிடத்து உத்தரவு வேண்டும். மலை நகர்கிறது என்று அளந்தது யார் என்று மேலிடம் கேட்கும். மேஸ்திரி மகள். எதில் அளந்தாள்? அதே கோணல் மேசையில். யார் நம்புவார்கள்? அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

கட்டினவரே சாட்சி சொன்னால் என்ன என்று, முதல் புத்தகத்தை மடியில் கட்டிக்கொண்டு கீழே ஊருக்குப் போனாள். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயசு. வாசலில் உட்கார்ந்து ஸ்டூலுக்குக் கால் செதுக்கிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தை மூன்று தரம் படித்தார். மகள் எதிர்பார்த்த மாதிரி முகம் மலரவில்லை. எழுதினவன் தனக்குச் சிநேகிதன், தன்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதியிருப்பான் என்றார். ரேஞ்சர் சொன்ன அதே குற்றச்சாட்டு! அவள் சண்டைக்கே போய்விட்டாள். அப்போதுதான் அவர் உளியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு நான் குடிச்சிருந்தேம்மா. வேலை முடியுதுன்னு ஒரு கிளாஸ் கொடுத்தாங்க. அதுக்கப்புறந்தான் மேசையைப் பொருத்தினேன். உங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்ல."

முப்பத்தெட்டு வருஷமாக ஊர் சொன்னதை ஊரைவிட அதிகமாக நம்பியிருந்தவர் அவர்தான். இதற்கு மேல் என்ன பேசுவது? சாட்சியெல்லாம் வேண்டாம், நீங்கள் கட்டின வீட்டை ஒரே ஒரு தரம் வந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டாள். அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது தோளில் பை இருந்தது. மலையேற முடியாதவருக்கு ரேஞ்சர் தன் ஜீப்பையே கொடுத்தார், தானும் கூட வந்தார். ஒரு கிழவருக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துத்தான் வந்தார்.

மேஸ்திரி மேசைப் பக்கமே போகவில்லை. குற்றவாளி மாதிரி அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே நடந்தார். மரமும் மரமும் கவ்வுகிற மூலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அங்கெல்லாம் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பின்னால் சமையலறைக்கு வந்தார். அங்கே கல்லால் கட்டிய புகைபோக்கி, அதை ஒட்டி மரச்சுவர். இரண்டுக்கும் நடுவில் அழுக்குத்துணி துருத்திக்கொண்டிருந்தது. இது என்ன துணி என்று கேட்டார். அந்த வழியாகக் காற்று வரும், வருகிறவர்கள் எல்லோரும் எதையாவது வைத்து அடைப்பார்கள் என்றாள் மகள்.

அவர் உருவத் தொடங்கினார். முதலில் வந்தது அவளுடைய பழைய ஸ்வெட்டர். அதற்குப் பின்னால் மெத்தைப் பஞ்சு, சிமெண்ட் பை, சாக்கு, மடித்து மடித்துத் திணித்த செய்தித்தாள்கள், வைக்கோல் கலந்த களிமண். கடைசியாக ஒரு காக்கிச் சட்டைக் கை, இப்போது யாரும் போடாத பழைய பித்தளைப் பொத்தானோடு. நாற்பது வருஷத்து வாட்சர்கள் எல்லோரும் அந்தச் சந்துக்குள் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் காலத்துக் காற்றை மட்டும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் போட்ட பிறகு மேஸ்திரி அந்த இடைவெளியில் உள்ளங்கையை நுழைத்தார். பிறகு முஷ்டியை நுழைத்தார். அது தாராளமாகப் போயிற்று.

"நான் இங்க சந்தே விடல," என்றார். குரல் மாறிவிட்டிருந்தது. "மேசையைக் கோணலா வெச்சிருப்பேன், இல்லேங்கல. ஆனா இந்தச் சுவரை நாலு நாள் இழைச்சுக் கல்லோட ஒட்ட வெச்சேன். ஒரு சீட்டுகூட நுழையாது. நாலு நாளுமா குடிச்சிருப்பேன்? புகைபோக்கி பாறைமேல நிக்குது சார். வீடு மண்ணுமேல. கல்லு அங்கேயே இருக்கு. வீடுதான் கிளம்பிடுச்சு."

ரேஞ்சர் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தானும் கையை உள்ளே விட்டார். முழங்கைவரை போயிற்று. கையை வெளியே எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. படியிறங்கிக் குவார்ட்டர்ஸுக்குப் போய், கார்டின் மனைவியிடம் சாமானைக் கட்டச் சொன்னார். மேலிடத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று கார்டு கேட்டதற்கு, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை எத்தனை பாராட்டினாலும் தகும்.

அன்று சாயங்காலமே ஸ்டேஷன் காலி. வயர்லெஸ்ஸும் தகரப்பெட்டியும் எதிர்மலை வாட்சரின் காவல் கூண்டுக்குப் போயின. அவளும் கார்டு குடும்பமும் அங்கேயே ஒண்டிக்கொண்டார்கள். மேஸ்திரி வீட்டுக்குப் போக மறுத்து மகளோடு வந்துவிட்டார். தினமும் காலையில் எதிர்மலை மேசையின் சட்டத்தைத் காலி செய்த ஸ்டேஷனுக்கு நேராகத் திருப்பிப் பார்ப்பதே அவளுக்கு வேலை. பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரட்டைக் குழந்தைகள் சலித்துப்போயின. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாகிவிடுமோ என்று கார்டின் மனைவி முணுமுணுத்தாள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ரேஞ்சருக்கு ஒரு கடிதமும் வந்துவிட்டது.

பதினோராம் நாள் பகல் நாலு மணிக்கு மழை விட்டு வெயில் அடித்தது. முதலில் பறவைகள் எழுந்தன. பிறகு, காற்றே இல்லாதபோது, எதிர்ப்பக்கத்து மரங்கள் ஒரே நேரத்தில் தலையாட்டின. அவள் அப்பாவின் கையைப் பிடித்தாள். மலையின் தோள்பட்டை சரிந்து இறங்கியது. அவசரமே இல்லாமல், மரங்களை நின்றபடியே சுமந்துகொண்டு அது இறங்கியது. நடுவில் அந்த வீடு நிமிர்ந்து உட்கார்ந்து கூடவே வந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. காதால் கேட்டதைவிடக் காலால் கேட்டார்கள். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தை மண் மூடியது, அதை மூடியது தெரியக்கூட இல்லை. எல்லாம் நின்றபோது பாறையில் புகைபோக்கி மட்டும் தனியாக நின்றது. கார்டின் மனைவி இரண்டு குழந்தைகளையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இத்தனை நாள் தெரிந்த மலை, அதற்கு முன்னால் நாமெல்லாம் எந்த மூலைக்கு என்று வாட்சரக்கா நினைத்துக்கொண்டாள்.

மேஸ்திரிதான் முதலில் அசைந்தார். சட்டத்தின் துளையில் கண்ணை வைத்து ஓடைப்பக்கம் தேடினார். வீடு முந்நூறு அடி கீழே, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு பாறையில் சாய்ந்து கிடந்தது.

"நாலு மூலையும் பிரியலம்மா," என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். சொல்லிக்கொண்டே அழுதார்.

அடுத்த வாரம் அவள் ரேஞ்சர் ஆபீஸுக்குப் போய் அந்தப் பழைய காகிதத்தைக் கொடுத்தாள். ரேஞ்சர் உட்காரச் சொல்லிவிட்டு மேலிருந்து கீழாகப் படித்தார். கட்டிய வருஷம் இருந்தது. முக்கிய நிகழ்வுகள் என்ற இடத்தில், முதல் நாள் மேசை சரியாகத் தொண்ணூறு காட்டியது என்றும், மலை நகர்ந்தது என்றும் இரண்டே வரி. கட்டியவர் என்ற இடம் இப்போது வெறுமையாக இல்லை. அங்கே முன்னெழுத்தோடு ஒரு முழுப்பெயர் எழுதியிருந்தது. ரேஞ்சர் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இது யாருக்கா?"

"எங்கப்பா," என்றாள்.